அசல் இசைத்தட்டா, மறுபதிப்பா? மின்னணு இசைக்கும் ஹெவி ராக்குக்கும் ஒரே விடைதானா?

ஜனவரி 11, 2025, காலை. ஒரு வாசகரின் கேள்வி

எழுபதுகளின் ஹெவி ராக் தட்டுகளில் அசல் பதிப்பைத் தேடி அலைவது எனக்குப் புரிகிறது. கித்தார், டிரம்ஸ், வாசித்த அறை எல்லாம் அதில் இருக்கின்றன. மின்னணு இசை அப்படியா? அது இயந்திரத்தில் பிறந்தது. அதற்கு அசல் என்றே ஒன்று கிடையாது. மலிவாகக் கிடைக்கும் மறுபதிப்பை வாங்கினால் போதும் என்கிறேன். காரைக்குடியில் ஒரு பழைய தட்டுக்கு 4,000 ரூபாய் சொல்கிறார்கள். கொடுக்கத்தான் வேண்டுமா?

ஜனவரி 11, இரவு

இல்லை, முழுக்கத் தவறு. எழுபதுகளின் மின்னணு இசையைக் கணினிக் கோப்பு மாதிரி நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். அன்று அதுவும் காந்த நாடாவில்தான் பதிவானது. நாடாவுக்குப் பிரதி எடுத்தால் ஒரு படி இரைச்சல் கூடும். பிரதிக்குப் பிரதி எடுத்தால் இன்னொரு படி கூடும்.

டேன்ஜரின் டிரீம் என்ற ஜெர்மானிய மின்னணு இசைக்குழுவின் 'ஃபீட்ரா' 1974-இல் வெளிவந்தது. முந்தைய ஆண்டு நவம்பரில் இங்கிலாந்தில் மேனர் என்ற வீட்டு ஒலிப்பதிவுக்கூடத்தில் பதிவு செய்தார்கள். அவர்கள் வைத்திருந்த மூக் சிந்தசைசர், அதாவது மின்சாரத்தால் ஒலியை உண்டாக்கும் கருவி, சூடு ஏற ஏறச் சுருதி நகரும். தலைப்புப் பாட்டின் நடுவே அந்த நகர்வு நன்றாகக் கேட்கும். அவர்கள் அதைத் திருத்தவில்லை, அப்படியே விட்டார்கள். நாகஸ்வரக்காரர் சீவாளியை ஈரப்படுத்திச் சுருதி பார்ப்பதைப் பக்கத்திலிருந்து கேட்டிருக்கிறேன். ஃபீட்ராவில் கேட்பதும் அதே போன்ற உயிர்தான். அந்த நாளின் அந்த இயந்திரம், அந்த அறையின் வெப்பம் எல்லாம் சேர்ந்தது அது. அதற்கு அசல் இல்லை என்று எப்படிச் சொல்கிறீர்கள்?

ஜனவரி 12

விலையைப் பற்றி நேற்று எழுத விட்டுப்போயிற்று. முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகளுக்கு முப்பது ஆண்டுகளாகப் போய்வருகிறேன். பித்தளை விளக்கு, பீங்கான் சாடி, தேக்குப் பெட்டி, அதன் அடியில் தட்டுகள். பெரும்பாலும் நிமிடத்துக்கு 78 முறை சுழலும் பழைய 78 சுற்றுத் தட்டுகளும் சினிமாப் பாட்டுகளுமாகவே இருக்கும். மலேயா, சிங்கப்பூர் போய் வந்தவர்கள் வீட்டுச் சாமான் விலைக்கு வரும்போது மட்டும் எப்போதாவது ஒரு ராக் தட்டு தட்டுப்படும். அட்டையைப் பார்த்து ஏமாறாதீர்கள். தட்டை வெயிலில் சாய்த்துப் பாருங்கள். ஓடும் வரிகளுக்குக் குறுக்கே சாம்பல் பூத்தாற்போல இருந்தால், தேய்ந்த ஊசியால் பல நூறு முறை ஓட்டிய தட்டு. அதற்கு நானூறு ரூபாயே அதிகம்.

ஜனவரி 14, பொங்கல்

தட்டு எப்படி உருவாகிறது என்று கேட்டிருக்கிறார்கள். பொங்கல் வைத்துச் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறேன், விரிவாகவே எழுதுகிறேன்.

நாடாவிலிருந்து வரும் ஒலி, வெட்டும் இயந்திரத்தின் ஊசியை அசைக்கிறது. அந்த ஊசி, அரக்கு பூசிய அலுமினியத் தட்டில் வரிப்பள்ளத்தை வெட்டுகிறது. அதன்மேல் மெல்லிய வெள்ளிப்பூச்சு, பிறகு நிக்கல் முலாம். நிக்கல் கனத்ததும் உரித்து எடுக்கிறார்கள். பள்ளம் மேடாக இருக்கும் அந்த எதிர்த்தகட்டுக்கு ஆங்கிலத்தில் 'தகப்பன்' என்று பெயர். அதன்மேல் மறுபடி முலாம் ஏற்றி உரித்தால் 'தாய்'. தாயிலிருந்து எடுப்பது அச்சுத்தகடு. அந்த அச்சுத்தகடுகள் இரண்டுக்கு நடுவில் சூடான பிளாஸ்டிக் உருண்டையை வைத்து நீராவி வெப்பத்தில் அழுத்தினால் அரை நிமிடத்தில் ஒரு தட்டு. இதை எங்கள் ஆத்தாவிடம் (அம்மாவிடம்) சொன்னேன். "தகப்பன் வயிற்றில் தாய் பிறக்கிறாளா? நல்ல குடும்பம்" என்று சிரித்தார்கள்.

இதையெல்லாம் எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் இசைக்காரர் இல்லை. பக்கத்துத் தெருவில் இருக்கிற, முலாம் பூசும் தொழிலிலேயே வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒரு பெரியவர். காரைக்குடிக்காரனுக்கு முலாம் அந்நியமான சொல் இல்லையே! அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுக்க, 1948 ஜூலை 25 அன்று நேரு அடிக்கல் நாட்டிய மத்திய மின்வேதியியல் ஆய்வகம் நம் ஊரில்தான் இருக்கிறது. இராதாகிருஷ்ணன் அதைத் திறந்து வைத்தது 1953-இல், இதே ஜனவரி 14 அன்று. நிக்கல் குளியலில் மின்னோட்டம் சீராக இல்லாவிட்டால் தகட்டில் புள்ளி விழும், அந்தப் புள்ளி ஆயிரம் தட்டிலும் 'டக்' என்று கேட்கும் என்று பெரியவர் விளக்கினார். மறுபதிப்பு கெட்டுப்போனால் உடனே ஒலிப்பொறியாளரைத் திட்டுகிறோம். பாதி நேரம் குற்றவாளி முலாம்தொட்டிதான்.

ஜனவரி 15

திருத்தம். நேற்று 'அரக்கு பூசிய' என்று எழுதியது பிழை. பெரியவரே படித்துவிட்டு வீட்டுக்கு வந்து சொன்னார். வெட்டும் தட்டின் பூச்சு நைட்ரோ செல்லுலோஸ். பெயர் 'லாக்கர்' என்பதால் குழம்பிவிட்டேன். உண்மையான அரக்கு, நம் நாட்டு மரங்களில் பூச்சி வைக்கிற அரக்கு, பழைய 78 சுற்றுத் தட்டுகளில்தான் சேர்ந்தது.

அந்த லாக்கர் தட்டுகளை உலகில் செய்தவை இரண்டே தொழிற்சாலைகள். அவற்றில் கலிபோர்னியாவில் பேனிங் என்ற ஊரில் இருந்தது 2020 பிப்ரவரி 6 அன்று எரிந்துபோனது. மிஞ்சியது ஜப்பானில் ஒன்று.

78 சுற்று என்றதும் இன்னொன்று. ஏ.வி. மெய்யப்பச் செட்டியார் சினிமாவுக்கு வருமுன் தட்டு விற்றவர். காரைக்குடியில் குடும்பக் கடையில் கிராமஃபோன் தட்டு விற்று, பிறகு சென்னையில் சரஸ்வதி ஸ்டோர்ஸ் வைத்து, ஓடியன் என்ற ஜெர்மன் நிறுவனத்தோடு சேர்ந்து தட்டுகள் வெளியிட்டார். ஜெர்மானிய மின்னணு இசை நமக்கு எங்கோ தொலைவில் இருப்பதாக நினைக்கிறோம். இந்தத் தெருக்களில் ஜெர்மன் முத்திரை போட்ட தட்டு சுழன்று தொண்ணூறு ஆண்டுகள் ஆகின்றன.

ஜனவரி 18

அடிநாதத்தைப் பற்றி, அதாவது 'பாஸ்' என்கிற தாழ்ந்த ஒலியைப் பற்றி. தேவகோட்டையில் பத்தாண்டு மைக் செட் வைத்திருந்தவன் என்பதால் இதில் எனக்குப் பிடிவாதம் அதிகம்.

தட்டில் அடிநாதம் இடம் பிடிக்கும். ஊசி அகலமாக ஆட வேண்டும், வரியும் அகலமாக வேண்டும். அதனால்தான் 1954-இல் ஒரு பொது விதி வைத்தார்கள்: வெட்டும்போது அடிநாதத்தைக் குறைத்து மேல்நாதத்தைக் கூட்டுவது, கேட்கும்போது பெருக்கியில் அதைத் தலைகீழாகச் சரிசெய்வது. அப்படியும் ஒரு பக்கத்தில் இருபது, இருபத்திரண்டு நிமிடங்களுக்கு மேல் போனால் ஒலி அளவைக் குறைத்துத்தான் வெட்ட முடியும். ஜெர்மானிய மின்னணு இசைக்குழுவான கிராஃப்ட்வெர்க்கின் 'ஆட்டோபான்' (1974) தலைப்புப் பாட்டு ஒரு பக்கம் முழுவதையும் பிடித்துக்கொண்டு 22 நிமிடங்களுக்கு மேல் ஓடுகிறது. வெட்டியவர் எவ்வளவு கணக்குப் பார்த்திருப்பார்!

ஹெவி ராக் குழுவான பிளாக் சாபத் பக்கம் வாருங்கள். அதன் கித்தார்காரர் டோனி அயோமி தகடு வெட்டும் ஆலையில் விரல் நுனிகளை இழந்தவர். 1971-இல் வந்த 'மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டி'யில் பல பாட்டுகளுக்குக் கித்தாரை மூன்று அரைச்சுரம் இறக்கிக் கட்டினார். தந்தி தளர்ந்தால் விரலுக்கு வலி குறைவு, ஒலிக்கோ கனம் கூடுதல். அந்தக் கனம் முழுவதும் வரிப்பள்ளத்தில் அகலமாக இறங்க வேண்டும்.

இன்னொரு சங்கடம், உள்வட்டம். தட்டின் வெளி ஓரத்தில் வரி ஊசிக்கடியில் விநாடிக்கு ஏறக்குறைய 50 செ.மீ. ஓடும், உள்ளே லேபிளை நெருங்கும்போது 21 செ.மீ.தான். அதே ஒலியை அரை இடத்துக்கும் குறைவான இடத்தில் எழுத வேண்டும். பக்கத்தின் கடைசிப் பாட்டு கரகரப்பதற்குக் காரணம் இதுதான். அதனால் இப்போது ஒரே தட்டாக இருந்ததை 45 சுற்றில் இரண்டு தட்டாக மறுபதிப்புச் செய்கிறார்கள். ஒலி நன்றாகவே இருக்கிறது. ஆனால் பாட்டுக்குப் பாட்டு எழுந்துபோய்ப் புரட்ட வேண்டும். ஆட்டோபானை நடுவில் நிறுத்திப் புரட்டச் சொன்னால் நான் வாங்கமாட்டேன்.

ஜனவரி 22

செவ்வாய்ப் பொங்கலுக்கு நாட்டரசன்கோட்டை போய் வந்தேன். வழியில் உறவினர் ஒருவரின் வீட்டைப் பார்த்தேன். சுண்ணாம்பும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்து அரைத்துத் தேய்த்த சுவர், நூறாண்டாகக் கண்ணாடி போல இருந்தது. கல்யாணத்துக்காக அதன்மேல் பளபளக்கும் எனாமல் பெயிண்ட் அடித்திருக்கிறார்கள். வெளிச்சம் போட்டால் கண் கூசுகிறது. சுவர் மூச்சுவிட வழியில்லாமல் அடியில் ஈரம் கோத்து இப்போதே உப்பிக்கொண்டிருக்கிறது. எனக்கு அழுகையே வந்தது.

மறுபதிப்பு என்ற பெயரில் பல தட்டுகளுக்கு நடப்பதும் இதுதான். மெல்லிய இடத்தையும் உரத்த இடத்தையும் ஒரே உயரத்துக்கு இழுத்துவிடுகிறார்கள். கேட்டதும் 'ஆகா, எவ்வளவு பளிச்' என்று தோன்றும். இரண்டாவது பாட்டுக்குள் காது களைத்துவிடும். ஹெவி ராக்கின் கனமே அதற்கு முன்னால் இருக்கும் அமைதியில்தான் இருக்கிறது. சாபத்தின் முதல் தட்டு மழையும் மணியோசையுமாகத் தொடங்கும். அந்த மழையைக் கித்தாருக்குச் சமமாக உயர்த்திவிட்டால் கித்தார் எங்கே வந்து விழும்?

இது மறுபதிப்புகளின் நோய் மட்டும் என்று சொல்ல முடியாது. மெட்டாலிகா என்ற ஹெவி ராக் குழுவின் 'டெத் மேக்னெடிக்' 2008-இல் புதிதாக வந்தபோதே இப்படி நசுக்கப்பட்டிருந்தது. அதே பாட்டுகள் கித்தார் வாசிக்கும் ஒரு வீடியோ விளையாட்டில் நசுக்காமல் வந்தன. ரசிகர்கள் இரண்டையும் ஒப்பிட்டுக் கேட்டு, ஆல்பத்தைத் திரும்பச் சரிசெய்து கொடுக்கச் சொல்லி மனுப் போட்டார்கள்.

ஜனவரி 23

நீங்களும் சத்தத்தைக் கூட்டியவர்தானே என்று கேட்கிறார்கள். ஆம், மைக் செட்காரனாக நானும் திருவிழாக்களில் ஒலி அளவுக் குமிழை முழுவதும் திருகியவன்தான். வேண்டாம் என்று சொல்வது அந்த அனுபவத்தில்தான்.

ஜனவரி 29

ரீமாஸ்டருக்கும் ரீமிக்ஸுக்கும் வேறுபாடு கேட்டவருக்கு. கலந்து முடித்த நாடாவை எடுத்து அதன் ஒலிச் சமநிலையை மட்டும் தொடுவது ரீமாஸ்டர். தனித்தனிப் பாதைகளாக இருக்கும் நாடாவுக்கே திரும்பிப் போய் டிரம்ஸ் எவ்வளவு, ஆர்கன் எவ்வளவு என்று புதிதாகக் கலப்பது ரீமிக்ஸ். முதலாவது சுவரைக் கழுவுவது, இரண்டாவது சுவரை இடித்துக் கட்டுவது.

டீப் பர்ப்பிள் என்ற ஆங்கிலேய ஹெவி ராக் குழு 'மெஷின் ஹெட்' ஆல்பத்தின் பதிவுக்காக 1971 டிசம்பரில் சுவிட்சர்லாந்தின் மொன்த்ரோ போனது. பதிவு செய்யவிருந்த கேளிக்கை அரங்கு, அமெரிக்க ராக் இசைக்காரர் ஃபிராங்க் சப்பாவின் கச்சேரி நடக்கும்போதே தீப்பிடித்து எரிந்தது. கடைசியில் குளிர்காலத்துக்காக மூடிக் கிடந்த கிராண்ட் ஹோட்டலின் தாழ்வாரத்தில் மெத்தைகளைச் சாய்த்து வைத்து வாசித்தார்கள். பதிவுக் கருவிகள் வெளியே நின்ற வண்டியில் இருந்தன. வாசித்ததைப் போய்க் கேட்டு வர அறை அறையாகச் சுற்றிப் போக வேண்டியிருந்ததால், கேட்பதையே விட்டுவிட்டார்களாம். 2024-இல் வந்த பெரிய மறுபதிப்பில் ரீமிக்ஸ் செய்தவர் டுவீசில் சப்பா, அந்த ஃபிராங்க் சப்பாவின் மகன். எரிந்த கச்சேரியின் வாரிசு வந்து அந்தத் தட்டைத் தொட்டிருக்கிறார் என்பதை நினைத்தாலே எனக்குச் சிலிர்க்கிறது. ஆனாலும் முதலில் வாங்குபவருக்கு 1972-இன் கலவையைத்தான் சொல்வேன். தாழ்வாரத்தின் முழக்கம் அதில் இருந்த இடத்திலேயே இருக்கிறது.

தாழ்வாரம் என்றால் என்னவென்று நமக்குத் தெரியாதா? கானாடுகாத்தானில் எந்தப் பெரிய வீட்டின் முகப்பிலும் நின்று கைதட்டிப் பாருங்கள். ஆத்தங்குடிக் கல் தரை, மேலே தேக்கு உத்தரம், வழவழத்த சுவர், நடுவில் வானம் பார்த்த வளவு. ஒலி ஒரு கட்டிலிருந்து அடுத்த கட்டுக்குப் போய்த் திரும்பி வரும்.

பிப்ரவரி 4

சில நாளாக ஒன்று உறுத்துகிறது. முதல் நாள் கேள்வி கேட்டவரை வேகமாக வெட்டிவிட்டேன். அவர் சொன்னதில் ஒரு பாதியை நான் ஏற்கத்தான் வேண்டும்.

சரண்ஜித் சிங்கை எடுத்துக்கொள்ளுங்கள். பம்பாய் சினிமா இசைக்குழுக்களில் வாசித்தவர். 1982-இல் ரோலண்ட் நிறுவனத்தின் ஜூபிடர்-8 சிந்தசைசர், அடிநாதம் வாசிக்கும் டிபி-303 பெட்டி, தாளம் போடும் டிஆர்-808 பெட்டி மூன்றையும் வைத்துப் பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் பதிவு செய்தார். பைரவியும் அதில் உண்டு, கலாவதியும் உண்டு. எச்.எம்.வி. வெளியிட்டது, கவனிப்பார் இல்லை. ஐந்தாண்டு கழித்து, 1987-இல், சிகாகோவில் அதே டிபி-303 பெட்டியிலிருந்து 'ஆசிட் ஹவுஸ்' என்ற இசைவகையே பிறந்தது. 2002-இல் டில்லிக் கடை ஒன்றில் எடோ பௌமன் என்ற டச்சுக்காரர் அந்தப் பழைய தட்டைக் கண்டெடுத்து, 2010-இல் மறுபதிப்புச் செய்தார். அதன்பிறகு உலகம் திரும்பிப் பார்த்தது. எழுபது வயதைத் தாண்டிய மனிதர் ஐரோப்பிய மேடைகளில் வாசித்தார். 2015-இல் காலமானார்.

அசல் தட்டு எத்தனை பேர் கையில் இருந்தது? மறுபதிப்பு வந்திருக்காவிட்டால் அந்த இசையே நமக்கு இல்லை. நானும் மறுபதிப்பில்தான் கேட்டேன்.

அகமதாபாத் நிகழ்வு இதைவிட வியப்பு. அங்கே தேசிய வடிவமைப்புக் கழகத்தில் 1969-இல் அமெரிக்க இசைக்காரர் டேவிட் டியூடர் ஒரு மூக் சிந்தசைசரை நிறுவினார். கீதா சாராபாய், ஐ.எஸ். மாத்தூர், அதுல் தேசாய், எஸ்.சி. சர்மா, ஜின்ராஜ் ஜோஷிபுரா ஆகியோர் 1972 வரை அங்கே செய்து வைத்த நாடாக்கள் அலமாரியில் கிடந்தன. பால் பர்கஸ் அவற்றை வெளிக்கொணர, 2023-இல்தான் தட்டாக வந்தன. அவற்றுக்கு 'அசல் பதிப்பு' கிடையாது. முதல் பதிப்பே ஐம்பதாண்டு தாமதம்.

ஆக, அசல் எது என்பதற்கு என் விடை மாறுகிறது. அட்டையில் முதல் ஆண்டு அச்சிட்ட தட்டு என்பதற்காக மட்டும் அது அசலாகிவிடாது. நாடாதான் அசல். நாடாவுக்கு எவ்வளவு அருகில் நின்று வெட்டினார்கள் என்பதை வைத்துத்தான் தட்டை மதிக்க வேண்டும். எந்த நாடாவிலிருந்து எடுத்தோம், யார் வெட்டினார் என்று ஒரு வரி போடாத மறுபதிப்பை நான் இனி வாங்கமாட்டேன்.

பிப்ரவரி 9

இவ்வளவு பேசக் காரணம் உண்டு. இதுவரை சொல்லவில்லை.

எங்கள் அம்மான் 1981-இல் சிங்கப்பூரிலிருந்து திரும்பும்போது ஒரு சிறிய சிந்தசைசரும் கால் அங்குல ஸ்பூல் நாடாப் பதிவுக் கருவியும் கொண்டுவந்தார். கல்லூரி நண்பர்கள் இருவர் கித்தார் வாசித்தார்கள். வீட்டுக் கூடமான பட்டாலையில் உட்கார்ந்து நான்கு பாட்டுகள் பதிவு செய்தார்கள். டிரம்ஸ் கிடையாது, கல்யாணப் பித்தளை அண்டாவைக் கவிழ்த்துத் துணி சுற்றிய கட்டையால் அடித்தார்கள். நான் பன்னிரண்டு வயதுப் பையன், தூணுக்குப் பின்னால் நின்று கேட்டேன். என் காது அன்று திறந்தது, இன்னும் மூடவில்லை.

அந்த நாடா, சாமான் வைக்கும் பெட்டகசாலையில் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் கிடந்தது. போன ஆண்டு எடுத்து ஓட்டினால் கிறீச்சிட்டு நின்றுவிட்டது. கருவியின் தலையில் பழுப்புப் பசை. எழுபதுகளின் நடுவிலிருந்து வந்த பல நாடாக்களுக்கு உள்ள நோய் இது. துகள்களைப் பிடித்திருக்கும் பசை காற்றின் ஈரத்தைக் குடித்து இளகிவிடும். மேலும் ஓட்டினால் இசையே உரிந்து வந்துவிடும்.

பெரியவரிடம் போனேன். வெப்பம் கட்டுப்படுத்தும் ஆய்வக அடுப்பு ஒன்றுக்கு அவர் ஏற்பாடு செய்தார். 50 டிகிரிக்குச் சற்று மேலே, எட்டு மணி நேரம். நான் பக்கத்தை விட்டு அசையவில்லை. ஆறவைத்து மறுநாள் ஓட்டினோம். ஓடியது. இது நிரந்தர மருந்து கிடையாது. சில வாரங்களில் நாடா மறுபடி ஈரம் குடிக்கும். அதற்குள் பிரதி எடுத்தாக வேண்டும்.

பிப்ரவரி 20

பிரதி எடுத்துக் கொடுத்த ஒலிப்பதிவுக்கூடம், நான் கேட்காமலேயே 'சுத்தம்' செய்து அனுப்பியது. இரைச்சல் சுத்தமாகப் போயிருந்தது. பட்டாலையும் போயிருந்தது. அண்டாவின் ரீங்காரம் நான்கு விநாடி நீண்டு தேயும். அதை அரை விநாடியில் வெட்டிவிட்டார்கள். மூன்றாவது பாட்டின் நடுவில் இரண்டாங்கட்டிலிருந்து எங்கள் ஆயா (பாட்டி) "இலை போட்டாயிற்று, வாருங்கள்" என்று கூப்பிடும் குரல் இருந்தது. அதையும் இரைச்சல் என்று நீக்கிவிட்டார்கள். ஆயா இறந்து முப்பத்தோரு ஆண்டுகள் ஆகின்றன. அவர்கள் குரல் பதிவான ஒரே இடம் அது.

அன்று இரவு சாப்பிடவில்லை. மறுநாள் காலை பஸ் பிடித்து நேரில் போய், நாடா மறுபடி இளகுமுன், எதையும் தொடாமல் இன்னொரு பிரதி எடுக்கச் செய்தேன். எடுத்து முடியும்வரை பக்கத்திலேயே நின்றேன்.

பிப்ரவரி 21

கேட்டவர்களுக்கு: ஆம், குரல் இருக்கிறது.

மார்ச் 8

நூறு தட்டு போடுவது என்று முடிவாகிவிட்டது. அம்மானுக்கு இப்போது எழுபத்தொரு வயது. ஓசை கொஞ்சம் மந்தமாகத்தான் கேட்கிறது, தட்டை விரலால் தடவிப் பார்க்க வேண்டும் என்கிறார். ஒரு பக்கத்துக்கு இரண்டு பாட்டு, பதினாறு நிமிடம், அடிநாதத்துக்குத் தாராளமாக இடம். முலாம் போடும் இடத்தில் கேட்க வேண்டிய கேள்விகளைப் பெரியவர் தாளில் எழுதிக் கொடுத்திருக்கிறார்.

பின்னட்டைக்கு எழுதியது இது. பிழை இருந்தால் சொல்லுங்கள், திங்கட்கிழமை அச்சுக்குப் போகிறது:

"1981-இல் காரைக்குடி வீட்டுப் பட்டாலையில் பதிவானது. மூலம்: கால் அங்குல நாடா, ஒரே பிரதி. 2025-இல் வெப்பமூட்டி ஓட்டப்பட்டது. இரைச்சல் நீக்கப்படவில்லை. ஒலி அளவு உயர்த்தப்படவில்லை. தாளம்: பித்தளை அண்டா. மூன்றாம் பாட்டில் கேட்கும் குரல் வீட்டுப் பாட்டியினுடையது."